வரிசை எண் முப்பத்தொன்று

ஜூலை 15, செவ்வாய்

"எல்லாத்தையும் எழுதிட்டீங்களா டீச்சர், எதையாவது விட்டுட்டீங்களா?"

விருப்ப ஓய்வு வாங்கிய அன்று தலைமையாசிரியை என்னிடம் கேட்ட கேள்வி இது. மூன்று வருடம் ஆகிறது. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலை நீட்டிக்கொண்டு அவர் மேசைக்கு முன்னால் நின்றேன். மேசை நான்கு, கைமணி ஒன்று, உடைந்த உலக உருண்டை ஒன்று என்று நாற்பத்து மூன்று வரிசை எண்கள். இருபத்தேழு வருடம் அரசுப் பள்ளியில் இருந்தவள் ஒரு துடைப்பத்தைக்கூடப் பட்டியல் இல்லாமல் கைமாற்ற மாட்டாள். "எதையும் விடலை டீச்சர்" என்றேன். உண்மையும் அதுதான்.

இன்று அது ஞாபகம் வந்ததற்குக் காரணம், பிரிசி என்னிடம் ஒரு பட்டியல் கேட்டாள்.

பிரிசி என் கடைசித் தங்கை. குவைத்தில் நர்ஸ். அவள் வீட்டுக்காரர் சாமுவேலுக்கும் அங்கேதான் வேலை. மூன்று வருடத்துக்கு முன்னால் இரண்டு பிள்ளைகளையும் பாளையங்கோட்டையில் என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அப்போது ஆட்லினுக்கு நாலு வயது, இம்மானுவேலுக்கு ஒரு வயது. அவர்களைப் பார்த்துக்கொள்ளத்தான் ஐந்து வருடப் பணி மீதி இருக்கும்போதே வேலையை விட்டேன். இதை யாரிடமும் சொல்லிக்காட்டியது இல்லை. நோட்டில் எழுதுவது சொல்லிக்காட்டுவதில் சேராது.

பிரிசி லீவில் வந்து நாலு நாள் ஆகிறது. சாமுவேலுக்கு லீவு கிடைக்கவில்லை. காலையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"எக்கா, முட்டத்துல என் கூட்டுக்காரிக்கு ஒரு தோப்பு வீடு இருக்கு. கடலப் பாத்தாப்ல. ஆகஸ்ட் ரெண்டும் மூணும் கூடாரம் போட்டுத் தங்கலாம்னு இருக்கோம். ஆட்லினுக்குப் போன்லயே சொல்லி வச்சுட்டேன்."

"ஆடி மாசத்துலயா? காத்து கூடாரத்த மட்டுமா தூக்கும், உன்னையும் சேத்துல்லா தூக்கும்."

"சீசன் இல்லாததுனாலதான் கேட்டதும் தந்தா. கூட்டமே இருக்காது. நீதான் பள்ளிக்கூடத்துல கேம்ப்லாம் கூட்டிட்டுப் போயிருக்கியே, என்னென்ன வேணும், பிள்ளைங்களுக்கு என்னென்ன பழக்கம்னு ஒரு லிஸ்ட் போட்டுத் தா."

"போட்டுட்டாப் போச்சு. நாம நாலு பேருக்கும் போர்வை..."

"நீ வரண்டாம்க்கா. ரெண்டு நாள் நல்லா ரெஸ்ட் எடு. நானும் பிள்ளைங்களும் மட்டும் போயிட்டு வாரோம்."

ரெஸ்ட். நான் கேட்டேனா?

தோசை கருகிவிட்டது. பிரிசி அதையும் தின்றுவிட்டு நல்லா இருக்கு என்றாள்.

ஜூலை 17, வியாழன்

குவைத்திலிருந்து கொண்டுவந்த கூடாரத்தைப் பிரிசி இன்று உறையிலிருந்து எடுத்தாள். வட்டமாக மடங்கியிருந்த அது, கட்டை அவிழ்த்ததும் ஒரே துள்ளலில் தானாக விரிந்து ஹால் முழுக்க நின்றுகொண்டது. மின்விசிறியின் ரெக்கையில் ஒரு இடி. காலண்டர் கீழே. பிள்ளைகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இம்மு உள்ளே போய், "போன் அம்மா, நீயும் வா" என்று கூப்பிட்டான். மூன்று வருடமாகப் போனில் பார்த்த அம்மாவுக்கு அவன் வைத்த பேர் அது. பிரிசி தவழ்ந்து உள்ளே போனாள். ஆட்லினும் போனாள். மூன்று பேருக்குத்தான் இடம்.

விரிந்ததை மடிக்கத் தெரியவில்லை. பிரிசி இப்படித் திருகினாள், அப்படித் திருகினாள், மேலேயே ஏறி உட்கார்ந்தாள். பார்த்த உடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. எட்டு மாதிரி முறுக்கி, ஒரு வளையத்தை இன்னொன்றுக்குள் தள்ள வேண்டும். கதிர்க்கட்டு சுமக்கத் துணியில் சும்மாடு சுற்றத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை.

நான் அடுக்களைக்குப் போய் அப்பளம் பொரித்தேன். நாலு அப்பளம் போதும். பதினாறு பொரித்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஒரு நிச்சயதார்த்தம். புது மண்டபம். இம்மு வழக்கம்போலக் கால்களை இடுக்கிக்கொண்டு நின்றான். புது இடம் என்றால் அவன் ஒன்றுக்குப் போகவே மாட்டான். வயிறு கல்லானாலும் அடக்கிக்கொண்டிருப்பான். இரண்டு வயதிலிருந்தே இப்படித்தான்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். குழாயைச் சன்னமாகத் திறந்துவிட வேண்டும். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, திருச்செந்தூர் ரயில் புறப்படுகிறது என்று அறிவிக்க வேண்டும். பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி. நாசரேத் வருவதற்குள் காரியம் முடிந்துவிடும். ஒரு தடவை மட்டும் குரும்பூர் வரை போயிருக்கிறது.

திரும்பி வந்தபோது பிரிசி கேட்டாள், "எங்கக்கா ரெண்டு பேரையும் இவ்வளவு நேரமா காணோம்?"

"கை கழுவப் போனோம்."

இம்மு என்னைப் பார்த்துச் சிரித்தான். எங்கள் ரயிலில் வேறு யாருக்கும் டிக்கெட் கிடையாது.

ஜூலை 21, திங்கள்

"அம்மா கை மணக்கு" என்றான் இம்மு. 'போன்' எப்போது உதிர்ந்தது என்று கவனிக்கவில்லை. என் கையில் உள்ளி உரித்த வாசம்.

ஜூலை 24, வியாழன்

பட்டியல் வளர்கிறது. கூடாரத்துக்கு நாலு மூலையிலும் மணல் நிரப்பிய தலையணை உறை வைக்க வேண்டும், கடல்மணலில் முளைக்குச்சி நிற்காது. ஆடிக் கடலில் யாரும் குளிக்கக் கூடாது. கையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் கால் நனைக்கலாம், அவ்வளவுதான். ஆட்லினுக்குப் பாலில் ஆடை ஆகாது. இம்மு இடது பக்கம் படுத்தால்தான் தூங்குவான். காரில் அவனுக்கு ஜன்னல் ஓரம், வாந்தி வராமல் மோந்துகொள்ளக் கையில் ஒரு நார்த்தங்காய் இலை. இன்றோடு இருபத்தாறு.

பட்டியல் எழுதுவது ஒரு சந்தோஷம். ஓர் உதாரணம் சொல்கிறேன். பரீட்சை வைப்பதைவிடக் கேள்வித்தாள் எழுதுவது சுகம்; எல்லா விடையும் நம்மிடம்தானே இருக்கும்.

ஜூலை 26, சனி

மூன்று பேரும் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தார்கள். இம்மு ஓடி வந்து, "பெரிம்மா, வெள்ளச் செவுரு முன்னாடி நின்னோம். சிரிக்கக் கூடாதுன்னாங்க" என்றான்.

சிரிக்காத போட்டோ எதற்கு எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பிரிசி செருப்பைக் கழற்றிக்கொண்டே நின்றாள். "நானே சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா."

"எப்பம்?"

"முட்டம் போயிட்டு வந்த பொறவு. இப்பம் எங்களுக்குப் பெரிய வீடு கெடச்சிருக்கு. விசாவும் கெடைக்கும். ஏப்ரல்ல அங்க பள்ளிக்கூடம் தொறக்கும்." அப்புறம் குரல் தாழ்ந்தது. "ஆனா எனக்கே பயமா இருக்கு. பெத்ததோட சரி, வளத்தது நீ. அதான் இந்த ரெண்டு நாளு. நீ இல்லாம நானும் பிள்ளைங்களும் தாக்குப் பிடிச்சோம்னா கூட்டிட்டுப் போறேன். இல்லன்னா சத்தியமா சொல்லுதேன், இங்கன உங்கிட்டயே இருக்கட்டும். நான் வாயே தொறக்க மாட்டேன்."

"நல்ல யோசனைதான்" என்றேன்.

உண்மையிலேயே நல்ல யோசனைதான். நான் அவள் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மாலையில் துணி மடிக்கும்போது பார்க்கிறேன், இம்முவின் ஒரே சட்டையை மூன்று தடவை மடித்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

பட்டியலை முடித்துப் பிரிசியிடம் கொடுத்தேன். முப்பது. முப்பது ஒரு நல்ல முழு எண்.

அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தாள். "நார்த்தங்காய் இலையக்கூட எழுதிருக்க! நீ டீச்சர்ங்கிறதக் காட்டிட்டியேக்கா. வேற ஏதும் இருக்கா?"

"அவ்வளவுதான்."

ஜூலை 30, புதன்

கூடாரத்தை எப்படி மடிப்பது என்று ஆட்லினுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான் ஒன்றும் கெட்டவள் இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

காலை 6.10. புறப்பட்டுவிட்டார்கள். இம்முவை ஐந்தரைக்கே பாத்ரூமுக்குக் கூட்டிப் போய்விட்டு வந்தேன். கார் திரும்பும் வரை கையாட்டினான்.

9.30. வந்து சேர்ந்துவிட்டதாகச் செய்தி. ஒரு படம். மூன்று பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். முடியெல்லாம் ஒரே பக்கம் பறக்கிறது.

11.00. வீடு பெருக்கினேன். ஒருவேளை அவசரமாகப் போக வேண்டி வந்தால் என்று ஒரு சேலை, துண்டு, பற்பசை எடுத்துப் பையில் வைத்தேன். கையில் ஒரு பை இருப்பது எப்போதுமே நல்லது.

12.45. இன்னொரு படம். மீன் குழம்பு, சோறு. இம்மு சிரிக்கவில்லை. காலை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மற்றவர்களுக்குத் தெரியாது.

1.30. சாப்பிடவில்லை. பசி இல்லை.

2.40. போன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சனிக்கிழமை விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். எழுதாமல் விடலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். விட்டால் அது இரண்டாவது தடவை விட்டதாகும்.

போனில் பிரிசியின் குரல் வேறு மாதிரி இருந்தது. "எக்கா, இம்மு காலைல இருந்து ஒண்ணுக்கே போகல. வயிறு கல்லு மாதிரி இருக்கு. தொட்டா அழுதான். பாத்ரூம் பக்கமே வர மாட்டேங்கான். எத்தனை பேஷண்டப் பாத்திருக்கேன், இவனுக்கு என்ன செய்யன்னு தெரியல. உனக்கு ஏதாவது தெரியுமா?"

குழாய். ரயில். ஸ்டேஷன் பெயர்கள். சொல்வதற்கு அரை நிமிடம் ஆகும்.

"நான் வாரேன்" என்றேன்.

சொன்னது அதை மட்டும்தான். பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து, புது பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் வண்டியில் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். மனசுக்குள் என்ன இருந்தது என்று நேர்மையாக எழுத வேண்டுமென்றால், ஒரு திருவிழாவுக்குப் போகிற பரபரப்பு இருந்தது. நான் தோப்புக்குள் நுழைவேன். பிள்ளை என்னைப் பார்த்து ஓடி வருவான். பிரிசி கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர் என்று நான் ஆரம்பிப்பேன்.

ஓர் உதாரணம். மாறுதலாகிப் போன பழைய பள்ளிக்கு ஒரு வேலையாகப் போனால், நம் வகுப்பு புது டீச்சருக்கு நமக்குச் சொன்னதைவிடச் சத்தமாக வணக்கம் சொல்லும். அந்தச் சமயத்தில் கரும்பலகையில் அவள் போட்ட கணக்கில் ஒரு தப்பு இருந்தால் நமக்கு எவ்வளவு இனிக்கும்! அந்த இனிப்பு வாயில் ஊற நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன்.

நாங்குநேரி தாண்டியதும் முன் சீட்டில் ஒரு குழந்தை சிணுங்கியது. அதன் அம்மா வயிற்றைத் தடவிக்கொண்டே, "எங்க வலிக்கு, சொல்லு, எங்க வலிக்கு?" என்று கேட்டாள்.

மணி பார்த்தேன். ஐந்தரையிலிருந்து பத்தரை மணி நேரம். நான் போய்ச் சேர இன்னும் இரண்டரை மணி நேரம் ஆகும். இதை நான் வீட்டிலேயே கணக்குப் பார்த்திருக்க முடியும். கணக்கு டீச்சர்தானே நான்.

போனை எடுத்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. வள்ளியூரில் மறுபடி அடித்தேன். எடுத்ததும், யார் என்ன என்று கேட்காமல் சத்தமாக ஆரம்பித்தேன்.

"பிரிசி, ஸ்பீக்கர்ல போடு. குழாயத் தொற. எல்லாரும் திரும்பி நில்லுங்க. இம்மு, வண்டி கிளம்புது! பாளையங்கோட்டை! செய்துங்கநல்லூர்! தாதன்குளம்! ஸ்ரீவைகுண்டம்!"

பஸ்ஸில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் பதறிப்போய், "எம்மா, இது நாகர்கோவில் வண்டியாக்கும். வண்டி மாறி ஏறிட்டியா?" என்றார்.

போனில் ஆட்லின் குரல். "பெரிம்மா, நான்தான். அவன் அப்பவே போயிட்டான்."

"போயிட்டானா?"

"ஆமா. ரொம்ப நேரம் போனான். இப்பம் பஜ்ஜி திங்கான்."

முதலில் எனக்கு வந்தது நிம்மதி இல்லை. அதை எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். நிம்மதி இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது, 'நான் இல்லாமலா?' என்பது.

திரும்பிவிடலாம் என்று எழுந்தேன். ஆட்லின், "நீ எங்க இருக்க? வாறியா? வா பெரிம்மா, கூடாரம் ரெண்டு தடவ பறந்துட்டு" என்றாள். உட்கார்ந்துவிட்டேன்.

முட்டத்தில் இறங்கும்போது ஆறரை. தோப்புக்குள் நுழைந்ததும் காற்று சேலையைப் பிடுங்கியது. கடல் சாம்பல் நிறத்தில் பாறைகளில் மோதிக்கொண்டிருந்தது. கரையில் வேறு ஆளே இல்லை. கூடாரம் மணல் நிரப்பிய உறைகளின் பலத்தில் நின்றது. இம்மு என்னைப் பார்த்ததும் ஓடித்தான் வந்தான். வந்து என் கையைப் பிடித்து ஒரு சின்னத் தென்னங்கன்றுகிட்ட இழுத்துப் போனான்.

"பெரிம்மா, இதுக்கு உப்புக் காத்துல தாகம். நான்தான் தண்ணி ஊத்தினேன். ஆனா அது வெக்கப்படும். அதனால அம்மா கண்ண மூடிக்கிட்டா, அக்கா கண்ண மூடிக்கிட்டா, நான் மட்டும்தான் மூடல."

குழாய் இல்லை, ரயில் இல்லை. என்னுடைய வழி இரண்டு வருட வேலை. அவளுடையது ஒரு மத்தியானம்.

பிள்ளைகள் தோப்பைப் பார்த்துக்கொள்பவர் வீட்டில் சாப்பிடப் போன பிறகு, நானும் பிரிசியும் கூடாரத்து வாசலில் உட்கார்ந்தோம். அவள் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எக்கா, இவனுக்கு இது எப்பமும் உண்டா?"

"உண்டு."

"லிஸ்ட்ல இல்லியே."

"இல்ல."

"மறந்துட்டியா?"

நல்ல வாசல் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்டாள். தலையை ஆட்டினால் போதும்.

"மறக்கல" என்றேன். "எழுதல. போன்லயும் தெரிஞ்சேதான் சொல்லல."

காற்று கூடாரத்துத் துணியை அறைந்துகொண்டே இருந்தது.

"என் பிள்ளைக்கு ஒண்ணுக்கு எடுக்க நானே டியூப் போடணுமோன்னு நெனச்சேன்க்கா. கார்க்காரருக்குப் போன் போட்டுட்டேன், நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போக."

முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஒன்னைய ஏசணும்னுதான் இருக்கு" என்றாள். "ஆனா எந்த வாயால ஏச? போன வருசம் பூரா நான் எட்டரை மணிக்குப் போன் போடுவேன்லா, ஏன்னு நெனச்ச?"

"டூட்டி முடியுத நேரம்னு சொன்னியே."

"டூட்டி நம்மூர் மணிக்கு ஆறுக்கே முடிஞ்சிரும். எட்டரைக்குத்தான் நீ அவன மடில போட்டுத் தூங்க வைப்ப. முழிச்சு என்னையப் பாக்கட்டும்னு போடுவேன். அவன் கண்ணத் தொறந்து ஸ்கிரீன ஒரு பார்வ பாப்பான். பாத்துட்டு ஒன் சேலைக்குள்ள மூஞ்சியப் பொதச்சுக்கிடுவான். நான் சிரிச்சிட்டே குட் நைட் சொல்லிட்டு, போன வச்சிட்டு, பல்லக் கடிச்சிட்டு இருப்பேன். மறுநாளும் அதே எட்டரைக்குப் போடுவேன்."

அந்தப் போன்களால் பிள்ளை தூக்கம் கெட்டு அழுது, நான் நடந்து நடந்து கால் வீங்கிய நாட்கள் எனக்கு ஞாபகம் வந்தன. கோபம் வர வேண்டும். வரவில்லை. ஒரே பெஞ்சில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட இரண்டு பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

"சவத்து மூதி" என்று ஏசினேன்.

"நீயுந்தான்" என்றாள்.

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அவள் பட்டியலை நீட்டினாள். வெளிச்சம் போவதற்குள் முப்பத்தொன்றை எழுதினேன், பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் வரை ஒரு ஸ்டேஷன் விடாமல். அப்புறம் நிற்கவில்லை. இம்முவுக்கு இடி என்றால் பயம் இல்லை, மிக்ஸிச் சத்தம் என்றால் பயம். ஆட்லின் பொய் சொல்லும்போது காதைத் தொடுவாள். நாற்பத்தெட்டு வரை போனது.

"ஏப்ரல்ல கூட்டிட்டுப் போ" என்றேன், தலையை நிமிர்த்தாமல். "ரெண்டு நாள்ல ஒரு நாள்லயே நீ பாஸ்."

கூடாரத்தில் மூன்று பேருக்குத்தான் இடம். நான் தோப்பு வீட்டுக்குள் படுத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பிரிசி புறப்பட்டாள். திருவனந்தபுரம் விமான நிலையம் வரை போனோம். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் போனபோது இம்மு என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். இன்று கண்ணாடிக் கதவைக் கையால் அறைந்து, "அம்மா, அம்மா" என்று கத்தினான். நான்தான் தூக்கி வைத்திருந்தேன். என் தோளில் இருந்துகொண்டு என்னைத் தாண்டிக் கையை நீட்டினான்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. நாங்குநேரி வரைக்கும் என் கூடவே காரில் வந்தது.

ஆகஸ்ட் 16, சனி

பிள்ளைகளை ஆற்றுக்குக் கூட்டிப் போனேன். ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர், நிறைய மணல். கிளம்பும்போது இரண்டு பேர் காலிலும் முழங்கால் வரை ஈரமணல் அப்பியிருந்தது. நான் எப்போதும் செய்வதுபோல ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு கழுவினேன். கழுவிவிட்டு இரண்டு எட்டு வைத்ததும் மறுபடி மணல். மறுபடி கழுவினேன். இம்மு காலை இழுத்துக்கொண்டான்.

"அப்படி இல்ல பெரிம்மா. அம்மா மாதிரி செய்."

"அம்மா எப்படிச் செஞ்சா?"

"பவுடர் போடுவா."

ஆட்லின் விளக்கமாகச் சொன்னாள். முட்டத்தில் அம்மா அப்படித்தான் செய்தாளாம். எனக்கு நம்பிக்கை இல்லை. முப்பது வருடத்தில் எத்தனை பிள்ளைகளை ஆற்றுக்கும் கடலுக்கும் கூட்டிப் போயிருப்பேன்! அப்படி ஒரு வழி இருந்தால் எனக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் பிள்ளைகளின் பையில் பிரிசி வைத்துவிட்டுப் போன பவுடர் டப்பா இருந்தது. செய்தேன். முதலில் இம்முவுக்கு, பிறகு ஆட்லினுக்கு, கடைசியில் யாரும் கேட்காமல் எனக்கும்.

நீங்களும் செய்து பாருங்கள். ஈரமணல் ஒட்டிய காலைக் கழுவாதீர்கள். பவுடரைக் கையில் கொட்டி, மணல் மேலேயே பூசிவிட்டு, நூறு எண்ணும் வரை விட்டு, உலர்ந்த துண்டால் மேலிருந்து கீழாக ஒரே ஒரு தடவை துடையுங்கள்.